540 டிகிரியில் நிற்க வேண்டிய ஸ்டட்: எந்த எஃகு, எத்தனை டிகிரி டெம்பரிங்?

பெங்களூரு பீனியா இரண்டாம் ஸ்டேஜில் மூன்று சி.என்.சி. மெஷின் போட்டுத் தொழில் நடத்தும் தம்பி ஒருவர் ஒரு டிராயிங்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். அவருடைய அப்பாவும் நானும் ஒரு காலத்தில் ஒரே ஃபர்னஸ் முன்னால் ஷிஃப்ட் பார்த்தவர்கள். நீராவி வால்வின் மூடியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத, மரை வெட்டிய போல்ட்), எம்30 அதாவது 30 மில்லிமீட்டர் மரை, கால் மீட்டர் நீளம், நாற்பத்தெட்டு எண்ணம். நீராவியின் வெப்பம் 540 டிகிரி செல்சியஸ். மெட்டீரியல் கட்டத்தில் "12 சதவீதக் குரோமியம், மார்ட்டென்சிட்டிக் எஃகு, ஹார்டனிங் டெம்பரிங் செய்தது" என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். சூடாக்கி முக்கி விறைக்க வைப்பது ஹார்டனிங், மறுபடி சூடு காட்டித் தளர்த்துவது டெம்பரிங். கிரேடு இல்லை, டெம்பரிங் வெப்பமும் இல்லை.

"அண்ணா, நாற்பது ராக்வெல் வச்சுடலாமா? நல்லா ஸ்ட்ராங்கா நிக்கும்ல?"

ராக்வெல் என்பது உலோகத்தின் கடினத்தை, அதாவது ஹார்ட்னஸை, அளக்கும் எண். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குளிர்ந்த நிலையில் யார் பலசாலி என்று பார்த்துச் சூட்டில் யார் நிற்பார் என்று முடிவு கட்டுவதுதான் இதிலுள்ள தப்பு. அவரிடம் நான்கு வழிகள் இருந்தன. கடையில் சுலபமாகக் கிடைக்கும் 410 ஸ்டெயின்லெஸ். அவருடைய ராக்கில் ஏற்கெனவே கிடந்த எச்13 டூல் ஸ்டீல். மாலிப்டினமும் வனேடியமும் சேர்ந்த 12 சதவீதக் குரோமியம் எஃகான 1.4923. அப்புறம் மின் நிலையக் குழாய்களில் பேர் வாங்கிய கிரேடு 91. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1.4923, அதிலும் மென்மையான நிலை, 700 டிகிரியை ஒட்டிய டெம்பரிங். எஃகின் பெயரைவிட அந்த 700 முக்கியம். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பீனியாவில் இந்த ஒரு எண்ணில்தான் அதிகப் பேர் சறுக்குகிறார்கள்.

கொல்லன் பட்டறையில் அரிவாளுக்குத் துவைச்சல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை தெரியும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இரும்பு விறைத்துக்கொள்ளும், கூடவே கண்ணாடி போல உடையவும் செய்யும். மறுபடி இதமாகச் சூடு காட்டினால் அந்த விறைப்பு கொஞ்சம் தளரும். முக்கியபோது பிறப்பது மார்ட்டென்சைட். கரிமம் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்ட, ஊசி ஊசியாய், பட்டை பட்டையாய் நெருக்கமான அமைப்பு அது. இரண்டாவது சூட்டில், அதாவது டெம்பரிங்கில், அந்தக் கரிமம் குரோமியத்தோடும் வனேடியத்தோடும் சேர்ந்து நுண்ணிய துகள்களாக வெளியே வருகிறது.

சூட்டில் எஃகைத் தாங்கிப் பிடிப்பது இந்தத் துகள்கள்தான். மொட்டைமாடியில் வடாம் பிழிந்த வேட்டியைக் காற்று தூக்காமல் இருக்க ஓரமெல்லாம் சின்னச் சின்னக் கற்களை வைப்போம். நாலு பக்கமும் இருபது கற்கள் இருந்தால் வேட்டி அசையாது. அதே எடையை இரண்டு பெரிய கல்லாக்கி இரண்டு மூலையில் வைத்தால் நடுவில் காற்று புகுந்துவிடும். எஃகுக்குள்ளும் அப்படித்தான். துகள்கள் பொடியாகவும் நெருக்கமாகவும் இருக்கும்வரை உலோகத்தின் அடுக்குகள் நகர வழியில்லை. ஆனால் வெப்பத்தில் வருஷக்கணக்காக வைத்தால், சர்க்கரைப் பாகில் சின்னப் படிகங்கள் கரைந்து கற்கண்டு பெரிதாவது போல, சின்னத் துகள்கள் கரைந்து பெரியவை வளர்கின்றன. அடுக்குகள் மெல்ல நகர ஆரம்பிக்கின்றன. இதைத்தான் கிரீப் என்கிறோம். உடையாமல், சத்தமில்லாமல், மணிக்கணக்கில் நீள்வது.

டெம்பரிங் ஃபர்னஸில் இரண்டு மணி நேரம் நடப்பதும் வால்வில் பத்து வருஷம் நடப்பதும் ஒரே வேலை, வேகம்தான் வேறு. 540 டிகிரி நீராவி என்பது நிறுத்தாமல் ஓடுகிற இன்னொரு டெம்பரிங் ஃபர்னஸ்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. ஹோலமன், ஜாஃபி என்ற இருவர் 1945-இல் தந்தது. கெல்வினில் வெப்பத்தை எடுத்து, மணி நேரத்தின் லாகரிதத்தோடு (10 அடிமானம்) 20-ஐக் கூட்டி, இரண்டையும் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்குத்தொகை இரண்டு சூட்டுக்கும் ஒன்றாக வந்தால் எஃகு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மென்மையாகும். அந்த 20 எல்லா எஃகுக்கும் அச்சாகப் பொருந்தாது, ஆனாலும் முடிவெடுக்கப் போதும். தம்பியின் எதிரிலேயே ஜாப் கார்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.

600 டிகிரியில் இரண்டு மணி நேரம் டெம்பரிங் செய்தால், அது 540 டிகிரியில் சுமார் 63 மணி நேரத்துக்குச் சமம். வால்வைத் திறந்துவிட்ட மூன்றாம் நாளே நீராவி நம் டெம்பரிங்கைத் தாண்டிப் போய்விடுகிறது. 650 டிகிரி என்றால் சுமார் 1,100 மணி, ஒன்றரை மாதம். 700 டிகிரி என்றால் ஏறக்குறைய 20,000 மணி, அதாவது இரண்டேகால் வருஷம். 740 என்றால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் மணி, இருபத்திரண்டு வருஷம்.

தம்பி கார்டை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். 600-க்கும் 700-க்கும் நடுவே இருப்பது நூறு டிகிரிதான். ஆனால் மூன்று நாள் எங்கே, இரண்டு வருஷம் எங்கே?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மணிக்கணக்கு ஸ்டட்டின் ஆயுள் இல்லை. எந்த இடத்தில் நம் கையை விட்டுப் போய், நீராவியே எஃகைப் பதப்படுத்த ஆரம்பிக்கிறது என்பதை மட்டும்தான் இது காட்டுகிறது. ஸ்டட்டின் உலோக வெப்பம் நீராவியைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். நான் அந்தச் சலுகையைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, அப்படியென்றால் நாற்பது ராக்வெல்லின் பலம் எங்கே போகிறது? நாற்பது ராக்வெல் என்றால் சுமார் 1,250 மெகாபாஸ்கல் இழுவை வலிமை, அதாவது அறுந்துபோகும் முன் தாங்கும் இழுவை. இந்த ஸ்டட்டை 0.15 சதவீதம் நீளும்படி இறுக்கினால் அறை வெப்பத்தில் அதன் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 320 மெகாபாஸ்கல். சூடானதும் அதுவும் இறங்கும். நமக்குத் தேவை 320-ஐத் தாங்கும் எஃகு. அதையும் முதல் நாள் மட்டுமல்ல, அடுத்த ஓவர்ஹால் வரைக்கும் தாங்க வேண்டும். ஸ்டட் ஒரு ரப்பர் பேண்ட் மாதிரி. நீண்டு இழுத்துக்கொண்டிருப்பதால்தான் மூடி ஒட்டி நிற்கிறது. கிரீப் வந்தால் மொத்த நீளம் மாறாது, ஆனால் இழுவை மட்டும் கரைந்துபோகும். ஒருநாள் கேஸ்கெட் ஓரத்தில் சீறல் கேட்கும். தொழிலில் இதை ரிலாக்சேஷன் என்பார்கள். ஸ்டட் வேலையில் உடைவதைவிட இதுதான் அதிகம் நடக்கும்.

இந்தக் கண்ணோடு நான்கு எஃகையும் பார்க்கலாம்.

410-ஐப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. துருவை நன்றாகத் தாங்கும், மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் மாலிப்டினமும் வனேடியமும் இல்லை. டெம்பரிங்கில் வருவதெல்லாம் குரோமியம் கார்பைடு, அதாவது குரோமியமும் கரிமமும் சேர்ந்த துகள். அது சீக்கிரம் பெருத்துவிடும். போதாக்குறைக்கு 400 முதல் 580 டிகிரி வரையான டெம்பரிங்கில் இந்த எஃகின் மோதல் தாங்கும் குணம் கெட்டுப்போகிறது. அதனால் அதற்குக் கீழே அல்லது மேலே போக வேண்டும். கீழே போனால் 540-இல் நிற்காது, மேலே போனால் மென்மையாகிவிடும். 400 டிகிரி நீராவிக்குத் தாராளமாகப் போடலாம். இந்த வேலைக்கு வேண்டாம்.

எச்13-ஐ ஒதுக்குவது அவ்வளவு சுலபமில்லை. தம்பிக்கு அதன் மேல்தான் கண். காசு போட்டு வாங்கிய பார் ராக்கில் கிடக்கிறது. "ஹாட் வொர்க் ஸ்டீல்னுதானே பேரு, அலுமினியம் டை காஸ்டிங்ல 650 டிகிரிக்கு மேல உருகின உலோகத்தையே தாங்குதே" என்றார். நியாயமான வாதம். 5 சதவீதம் குரோமியம், ஒன்றேகாலுக்கு மேல் மாலிப்டினம், 1 சதவீதம் வனேடியம், 0.4 சதவீதம் கரிமம் கொண்ட அருமையான எஃகு. 500 டிகிரியை ஒட்டி டெம்பரிங் செய்தால் இறங்க வேண்டிய ஹார்ட்னஸ் திரும்ப ஏறும் அதிசயமும் அதில் உண்டு. இரண்டாம் கடினமாதல் என்பது அதுதான். வழக்கமாக அதையும் தாண்டி 600-ஐ ஒட்டி இரண்டு தடவை டெம்பரிங் செய்து, 44 முதல் 48 ராக்வெல்லில் டையாகப் பயன்படுத்துகிறோம்.

ஆனால் டை என்ன வாழ்க்கை வாழ்கிறது? உருகிய அலுமினியம் சில நொடிகள் தொடும், உடனே மேலே ஸ்பிரே அடித்துக் குளிர வைப்பார்கள். சூடாவது மேல்தோல், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எச்13 தாங்குவது அடிக்கடி வந்துபோகும் சூட்டை. ஸ்டட்டுக்கு வருவது இரவும் பகலும் ஒரே சூடு. 600-இல் இரண்டு தடவையாக நான்கு மணி நேரம் என்றே வைத்துக்கொண்டாலும், 540-இல் அது சுமார் 130 மணிக்குத்தான் சமம், ஐந்தரை நாள். அதற்குப் பிறகு நீங்கள் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்த 45 ராக்வெல் வெறும் பழைய கதை. நடுவில் வேறு ஆபத்தும் இருக்கிறது. அவ்வளவு கடினத்தில் மரையின் அடிக்கோணம் ஒரு வெட்டுக்காயம் மாதிரி, அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும். அந்த பார் அடுத்த டை ஆர்டருக்கு இருக்கட்டும் என்றேன். மேலும் டிராயிங் கேட்பது 12 சதவீதக் குரோமியம், இதில் இருப்பது 5. அதை மாற்றிப்போட நமக்கு உரிமையில்லை.

கிரேடு 91 மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 1970-களில் உருவாக்கியது. 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம். அதோடு வனேடியம், நியோபியம், நைட்ரஜன் மூன்றும் துளித்துளியாக. அந்தத் துளிகள்தான் வித்தையே. டெம்பரிங்கில் அவை சில பத்து நானோமீட்டர் அளவுள்ள நைட்ரைடு, கார்போ-நைட்ரைடு துகள்களாக வருகின்றன. குரோமியம் கார்பைடு பெருத்தாலும் இவை எளிதில் பெருக்காது. வடாம் துணியின் மேல் கரையாத கல். நம்ம கல்பாக்கத்தில் கட்டிய முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவி ஜெனரேட்டருக்கும் இந்த வகை எஃகைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த எஃகின் எண்களைப் பாருங்கள். அறை வெப்பத்தில் கேட்கப்படும் இழுவை வலிமை வெறும் 585 மெகாபாஸ்கல், ஹார்ட்னஸ் 190 முதல் 250 பிரினெல் (ராக்வெல் போலக் கடினத்துக்கான இன்னோர் அளவு). பீனியாவில் யாரிடமாவது "நல்லா ஹார்டன் பண்ணிருக்கு, 210 பிரினெல்" என்றால் சிரிப்பார்கள். ஆனால் 600 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரம், அதாவது பதினோரு வருஷத்துக்கு மேல், ஏறக்குறைய 90 மெகாபாஸ்கல் சுமையை உடையாமல் தாங்கும். நாற்பது ராக்வெல்லில் வைத்த எந்த 410-ஐயும் அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க முடியாது.

அந்தப் பலம் எஃகோடு கூடவே பிறந்ததில்லை, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்தது. குழாய்க்கான தரநூல் 1040 முதல் 1080 டிகிரிக்குள் நார்மலைசிங் (சூடாக்கிக் காற்றில் ஆற விடுவது), 730 முதல் 800-க்குள் டெம்பரிங் என்கிறது. முதல் சூட்டில் குறைவைத்தால் வனேடியமும் நியோபியமும் போதுமான அளவு கரையாது. கரையாதது பிறகு நுண்துகளாக வெளியே வரவும் முடியாது. டெம்பரிங்கில் வரம்பைத் தாண்டினால் வேறு சங்கடம். 800-க்கு மேலே, கலவையைப் பொறுத்து ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தொட்டால் எஃகின் ஒரு பகுதி மறுபடி ஆஸ்டெனைட், அதாவது முக்குவதற்கு முன் அதிகச் சூட்டில் இருந்த அமைப்பு, ஆகிவிடும். ஆறும்போது அந்தப் பகுதி டெம்பரிங் ஆகாத புது மார்ட்டென்சைட்டாக நிற்கும், மீதிப் பகுதி அளவுக்கு மீறி மென்மையாகியிருக்கும். மென்மையும் கடினமும் கலந்து, ஹார்ட்னஸ் மெஷினில் சராசரியாக நல்ல எண்ணே வந்துவிடலாம். வெல்டிங் செய்த ஜாப்பில் இது இன்னும் மோசம். வெல்டுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய வளையம் எப்படியும் அந்த எல்லைச் சூட்டைத் தொட்டிருக்கும். பல வருஷம் கழித்து விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த வளையத்தில்தான்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஸ்டட்டுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? கிரேடு 91-இன் கேட்கப்படும் ஈல்டு வலிமை, அதாவது நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் அழுத்தம், 415 மெகாபாஸ்கல். குழாய்க்கும் வால்வின் உடம்புக்கும் அது போதும், அங்கே சுவர் கனத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்டட்டின் கனத்தைக் கூட்ட இடமில்லை. 320 மெகாபாஸ்கலுக்கு இறுக்கும்போது ஸ்பானர் போடுபவர் கொஞ்சம் அதிகம் இழுத்துவிட்டால், மரை அடியில் அழுத்தம் குவியும் இடத்தில் 415-ஐ அங்கேயே தாண்டிவிடும். டிராயிங் கேட்கும் 12 சதவீதக் குரோமியத்துக்கும் அது வராது.

மிஞ்சியது 1.4923. கரிமம் 0.2 சதவீதத்தை ஒட்டி, குரோமியம் 11 முதல் 12.5, மாலிப்டினம் 1, வனேடியம் 0.3. நீராவி டர்பைன் பிளேடுகளிலும் போல்ட்டுகளிலும் நெடுங்காலமாக ஓடும் எஃகு. 580 டிகிரி வரைக்கும் இதை எடுத்துப்போகிறார்கள். 1020 முதல் 1070 வரை சூடாக்கி எண்ணெயிலோ காற்றிலோ ஆற வைத்து, பொதுவாக 680 முதல் 740 வரை டெம்பரிங். இதற்குள்ளேயே இரண்டு நிலைகள் உண்டு. கியூடி1 என்பது 800 முதல் 950 மெகாபாஸ்கல் இழுவை வலிமையும் 600 ஈல்டும். கியூடி2 என்பது 900 முதல் 1,050, ஈல்டு 700. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கியூடி2 பார்க்க வலுவானது. அதற்குக் கொஞ்சம் தாழ்ந்த டெம்பரிங் போதும். 450, 500 டிகிரியில் ஓடும் ஜாப், அதிக ஈல்டு கேட்கும் ஜாப் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். அங்கே நீராவி எஃகைத் தொந்தரவு செய்வது மிகக் குறைவு, எனவே கையில் கொடுத்த வலிமை நெடுநாள் கூடவே இருக்கும். 540-இல் கதை மாறுகிறது. 670-ஐ ஒட்டிய டெம்பரிங்கில் முன்சொன்ன கணக்கைப் போட்டால் வரும் மணி நேரம் நான்காயிரத்தைக்கூட எட்டாது. அதற்குப் பிறகு அந்தக் கூடுதல் 100 மெகாபாஸ்கல் மெல்லக் கரைகிறது. கடன் வாங்கிய பலம். கியூடி1-ஐ 700, 710 டிகிரியில் டெம்பரிங் செய்தால் தொடக்கத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் இருப்பது நிற்கும். 600 ஈல்டு நமக்குத் தேவையான 320-க்கு இரண்டு பங்குக்குக் கிட்டே. இதற்கு மேல் குளிர்ந்த வலிமை தேடுவதில் பொருளில்லை.

போல்ட்டுக்கான ஏ.எஸ்.டி.எம். ஏ193 தரநூலைப் புரட்டினாலும் இதே புத்தி தெரியும். சாதாரண பி7 கிரேடுக்குக் குறைந்தபட்ச டெம்பரிங் 593 டிகிரி என்று வைத்தவர்கள், அதிக வெப்பத்துக்கான பி16-க்கு 650 என்று உயர்த்தியிருக்கிறார்கள். ஹார்ட்னஸ் எப்படி வந்தாலும் சரி, இந்த டிகிரிக்குக் கீழே டெம்பரிங் செய்யாதே என்பதுதான் அதன் பொருள். வாடிக்கையாளர் 12 சதவீதக் குரோமியம் என்று கேட்காமல் இருந்திருந்தால் பி16-உம் என் பட்டியலில் ஐந்தாவதாக வந்திருக்கும். மலிவும்கூட.

எஃகு முடிவாகிவிட்டது. ஆனால் கஷ்டமான பாதி இனிமேல்தான்: எந்த ஷாப்பில், எப்படி?

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வால்வு ஓவர்ஹாலில் கழற்றிய ஆறு ஸ்டட்டுகள் எங்களிடம் திரும்பி வந்தன. ஒரே எஃகு, ஒரே டிராயிங், ரிப்போர்ட்டில் ஆறுமே 270 பிரினெல். மரை கேஜை ஒவ்வொன்றின் மேலும் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மூன்றில் கேஜின் பல் ஒவ்வொன்றும் மரைக்குள் சரியாக உட்கார்ந்தது. மற்ற மூன்றில் முதல் இரண்டு பல் உட்கார்ந்தது, மூன்றாவதில் ஒரு முடியளவு வெளிச்சம் தெரிந்தது, ஐந்தாவதில் கேஜ் மரையின் சரிவில் ஏறி நின்றது. ஸ்டட் நீண்டிருந்தது. ஹார்ட்னஸ் பார்த்தால் உட்கார்ந்த மூன்றும் 260-க்கு மேல், நீண்ட மூன்றும் 230-ஐ ஒட்டி.

பழைய ஃபர்னஸ் சார்ட்டுகளைத் தேடி எடுத்தோம். நல்ல மூன்றும் 1050-இல் ஹார்டனிங், 705-இல் டெம்பரிங் ஆனவை. கெட்ட மூன்றும் வேறொரு நாள் போனவை. அன்றைக்கு லோடு சின்னது என்று இன்னொருவரின் 420 ஸ்டெயின்லெஸ் ஜாப்போடு சேர்த்து 980-இல் ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் கார்பைடு முழுக்கக் கரையவில்லை, எனவே முக்கி எடுத்ததும் ஹார்ட்னஸ் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 705-இல் டெம்பரிங் செய்தால் 270 வராது என்பதால் 660-இல் நிறுத்திவிட்டார்கள். மெஷினில் 270 வந்தது, ரிப்போர்ட்டில் கையெழுத்தும் விழுந்தது. வேண்டுமென்று யாரும் ஏமாற்றவில்லை. கேட்டது ஹார்ட்னஸ், கொடுத்தது ஹார்ட்னஸ். அந்த ரிப்போர்ட்டைத் தயாரித்த மேஜைக்கு நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் அன்றைக்கு இது உறைக்கவில்லை. அன்றிலிருந்து அதிக வெப்பத்துக்குப் போகும் எந்த ஜாப்புக்கும் ஹார்ட்னஸ் எண்ணை மட்டும் எழுதி நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அதனால் தம்பியிடம் ஷாப்பைப் பார்க்கப் போகும்போது முதலில் விலையைக் கேட்காதே என்றேன். "உங்க டெம்பரிங் ஃபர்னஸ் எத்தனை டிகிரி வரைக்கும் போகும்?" என்று கேள். நம் பக்கத்து ஷாப்புகளில் பெரும்பாலான வேலை டூல் ஸ்டீலும் கியரும். அவற்றுக்கு 200-இலிருந்து 600 வரை போதும். 650-க்கு மேல் ஃபர்னஸை ஏற்ற விரும்பாதவர்கள் உண்டு. அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், நேரத்தைக் கூட்டி ஹார்ட்னஸைக் கொண்டுவந்துவிடுகிறேன் என்பார்கள். 650-இல் இருந்துகொண்டு 700-இன் இரண்டு மணியை எட்ட வேண்டுமானால், அதே கணக்கின்படி இருபத்தைந்து மணிக்கு மேல் வைக்க வேண்டும். யார் வைப்பார்கள்?

அடுத்தது, வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஃபர்னஸ் சுவரில் இருப்பது சுவரின் சூட்டைச் சொல்லும். ஜாப்புக்கு நடுவில் ஒன்று வேண்டும், அது 700-ஐத் தொட்ட பிறகுதான் இரண்டு மணி நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். அப்புறம், எண்ணெயிலிருந்து எடுத்த ஜாப் கையால் தொட்டுப் பிடிக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகே டெம்பரிங்குக்குள் போக வேண்டும். 250 டிகிரியில் அவசரமாக ஏற்றினால் மாறாத ஆஸ்டெனைட் உள்ளே மிஞ்சி, டெம்பரிங் முடிந்து ஆறும்போது புது மார்ட்டென்சைட்டாகிவிடும். அதற்காக ராத்திரி முழுக்கத் தரையில் போட்டுவைத்துக் காலையில் ஏற்றுவதும் கூடாது. டிசம்பர் மாதக் குளிரில் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து பார்த்தால் முடி போல விரிசல் ஓடியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வேக்யூம் ஃபர்னஸா, சாதாரண ஆயில் குவென்ச்சா (எண்ணெயில் முக்குவதா) என்பதற்கு நான் அதிகம் மெனக்கெடவில்லை. வேக்யூமில் மேல்தோலில் கரிமம் போகாது, வளைவு குறைவு, பார்க்கப் பளபளவென்று வரும், கிலோவுக்குக் காசும் அதிகம். முடித்த மரையோடு ஹார்டனிங் போகிற ஜாப்புக்கு அது வேண்டும். நம் ஜாப்புக்கு வேண்டாம், ஏனென்றால் 270 பிரினெல்லை ஒரு கார்பைடு இன்சர்ட் தாராளமாக வெட்டும். 35 மில்லிமீட்டர் உருளையை மரை போடாமல் அப்படியே ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பி, கெட்டுப்போன மேல்தோலைக் கடைசலில் எடுத்துவிட்டு, பிறகு மரை வெட்டிக்கொள்ளலாம். நாற்பது ராக்வெல் வைத்திருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. மேல்தோலில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கும் நைட்ரைடிங் பற்றியும் தம்பி கேட்டார். உராயும் வால்வு ஸ்பிண்டிலுக்கு நல்லது, மரையில் இழுவை தாங்கும் ஸ்டட்டுக்கு வேண்டாம்.

மில்லிலேயே கியூடி1 நிலையில் முடித்து, டெம்பரிங் வெப்பம் குறிப்பிட்ட சர்டிஃபிகேட்டோடு வரும் பார் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பாதித் தலைவலி போய்விடும். தம்பி நாலைந்து ஸ்டாக்கிஸ்டுகளிடம் விசாரித்தார். இந்த அளவில் அனீல் செய்த, அதாவது மென்மையாக்கிய, பார்தான் கிடைத்தது. நாற்பத்தெட்டு ஸ்டட்டுக்குப் பன்னிரண்டு மீட்டர், தொண்ணூறு கிலோ. வாங்கும் முன் ஒரு துண்டு வெட்டி ஸ்பெக்ட்ரோ, அதாவது கலவைச் சோதனை, பார்க்கச் சொன்னேன். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கன் கரிமத்தைக் காட்டாது, ஆனால் மாலிப்டினமும் வனேடியமும் இருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். 410-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. இந்த இரண்டு தனிமங்கள் இல்லையென்றால் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வீண்.

தொண்ணூறு கிலோ சின்ன லோடு. வேறொருவர் ஜாப்போடு சேர்ப்பார்கள், தவிர்க்க முடியாது. சேர்க்கட்டும், ஆனால் சூடு நம்முடையதாக இருக்க வேண்டும். ஜாப் கார்டில் ஹார்ட்னஸ் என்ற கட்டத்தை அடித்துவிட்டுத் தம்பியின் கையாலேயே எழுத வைத்தேன்: "1050 டிகிரி, ஆயில். கை தாங்கும் சூட்டுக்கு ஆறிய பின் 705 டிகிரி டெம்பரிங், ஜாப் அந்தச் சூட்டை எட்டியதிலிருந்து இரண்டு மணி. சார்ட் இணைக்கவும். ஹார்ட்னஸ் 245-285 பிரினெல், வராவிட்டால் டெம்பரிங்கை மாற்றாமல் போன் செய்யவும்."

நீராவி 480 டிகிரி என்றால் இதே எஃகைக் கியூடி2-இல் எடுத்திருப்பேன். 600-ஐத் தாண்டினால் இந்த எஃகே வேண்டாம், நிமோனிக் 80ஏ போன்ற நிக்கல் கலவைக்குப் போக வேண்டும், அதன் கணக்கும் வேறு, விலையும் வேறு. வாடிக்கையாளரிடம் 540 என்பது நீராவியின் சூடா, ஸ்டட்டின் சூடா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் லோடு ஏறும்.